செயற்கை இழை ஷேவிங் பிரஷுக்கு மாறுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

பன்றி முடி பிரஷிலோ, பேட்ஜர் என்னும் வளை தோண்டி வாழும் விலங்கின் முடியில் செய்த பிரஷிலோ கை பழகியவர்கள் செயற்கை இழைப் பிரஷை வாங்கியதும் சொல்லும் குறைகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். நுரை நீர்த்துப்போகிறது, கண்ணாடியெல்லாம் தெறிக்கிறது, முகத்தில் நிற்காமல் பிரஷ் துள்ளுகிறது. இரண்டு நாள் பார்த்துவிட்டு அலமாரிக்குள் தள்ளிவிடுகிறார்கள். பிரஷில் கோளாறு இருப்பது அரிது. பழைய பிரஷுக்காகக் கற்றுக்கொண்ட தண்ணீர்க் கணக்கையே புதியதற்கும் போடுவதுதான் காரணம். அந்தக் கணக்கை மாற்றிக்கொண்டால் ஊறவைக்கும் நேரமும் மிச்சம், சோப்பும் மிச்சம். ஆகவே இந்த வழிகாட்டியில் பிரஷைவிடத் தண்ணீரைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன்.

முடியும் இழையும்

விலங்கு முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. நீரில் கிடந்தால் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வரை நீரை உள்ளுக்குள் இழுத்துக்கொள்ளும். பன்றி முடி பிரஷை முன்கூட்டியே ஊறப்போடுவது இதனால்தான். ஊறாத முடி விறைப்பாக இருக்கும். அதோடு, நுரை கட்டத் தொடங்கிய பிறகும் சோப்பிலிருந்து நீரைத் திருடிக்கொண்டே இருக்கும்.

இன்றைய செயற்கைப் பிரஷ்களில் பெரும்பாலும் இருப்பது பிபிடி, அதாவது பாலிபியூட்டிலீன் டெரெப்தலேட். பாலியெஸ்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. டூத் பிரஷிலும் இதே பொருள் உண்டு. நைலான் வகைகளும் பயன்படுகின்றன. பிபிடி தனக்குள் ஏற்கும் நீர் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பிரஷில் நாம் பார்க்கும் தண்ணீர் முழுவதும் இழைகளின் இடுக்கில் தேங்கி நிற்பதுதான். அழுத்தினால் அவ்வளவும் ஒரே நேரத்தில் வெளியே வந்துவிடும்.

நல்லதும் கெட்டதும் இந்த ஒரு குணத்திலிருந்தே வருகின்றன. ஊறவைக்கத் தேவையில்லை, சீக்கிரம் உலர்கிறது, சோப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளாமல் முகத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஆனால் முடிக்குள் இருக்கும் தண்ணீர்ச் சேமிப்பு இதில் கிடையாது. நுரை காய்ந்தால் பிரஷ் உதவிக்கு வராது, நாம்தான் சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும்.

செயற்கை என்றதும் முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு நியாயம் உண்டு. 1938இல் நைலான் டூத் பிரஷ் சந்தைக்கு வந்தது. பின்னர் அதே இழை ஷேவிங் பிரஷிலும் நுழைந்தது. அடியிலிருந்து நுனிவரை ஒரே தடிமன், வெட்டிவிட்ட முனை. முகத்தில் வைத்தால் குத்தும், நுரையும் தங்காது. பிளாஸ்டிக் கைப்பிடியோடு மளிகைக் கடைகளில் தொங்கும் மலிவான பிரஷ்களில் அந்த வகை இன்றும் கிடைக்கிறது. இந்த வழிகாட்டி அதைப் பற்றியது அல்ல. இப்போது வரும் நல்ல இழைகள் நுனியில் மெலிந்து முடியைப் போலவே முடிகின்றன. பிபிடி இழையின் நுனியைக் காரக் கரைசலில் முக்கி அரித்து மெலிதாக்கும் முறை இதற்கு உண்டு. சில வகைகளில் இழையை லேசாக நெளித்தும் விடுகிறார்கள். அந்த நெளிவால் இழைகளுக்கு இடையே இடம் உண்டாகி நீரும் நுரையும் தங்குகின்றன.

மாறுவதற்கு என்ன காரணம்?

ஒவ்வொருவருக்கும் ஒன்று. பன்றி முடி முகத்தில் படக்கூடாது என்று கருதும் இஸ்லாமியர்களுக்கும், விலங்குப் பொருளையே தவிர்ப்பவர்களுக்கும் வேறு விளக்கம் தேவையில்லை. மலிவான பிரஷின் அட்டையில் என்ன முடி என்று எழுதியிருப்பதில்லை என்பதால், வாங்கும்போது கேட்டுத் தெளிவது அவர்கள் பொறுப்பாகிவிடுகிறது.

பேட்ஜர் முடியின் கதை கொஞ்சம் கசப்பானது. பிரிட்டனில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி பேட்ஜர் பாதுகாக்கப்பட்ட விலங்கு. உலகச் சந்தைக்கு முடி வருவது பெரும்பாலும் சீனாவிலிருந்து. அங்குள்ள பண்ணைகளில் அவை எப்படி நடத்தப்படுகின்றன என்பதைக் காட்டும் காணொளிகளை பீட்டா ஏஷியா என்ற விலங்குரிமை அமைப்பு 2018இல் வெளியிட்டது. அதன் பிறகு சில நிறுவனங்கள் பேட்ஜர் பிரஷ் விற்பதை நிறுத்தின.

எனக்கு முக்கியமாகப் படுவது ஈரம். கடலோர ஊர்களிலும் அடைமழை நாட்களிலும் காற்றுப் புகாத குளியலறையில் ஒரு பன்றி முடி பிரஷ் அடுத்த நாள் காலை வரை ஈரமாகவே இருக்கும்; நாளடைவில் அடிப்பகுதியில் வாடை பிடிக்கும். செயற்கை இழை சில மணி நேரத்தில் உலர்ந்துவிடும். புதிய விலங்கு முடி பிரஷில் முதல் சில வாரம் வரும் மிருக வாடையும் இதில் இல்லை.

சரித்திரத்தில் இன்னொரு பயங்கரமான காரணமும் உண்டு. முதல் உலகப் போரின்போது பேட்ஜர் முடி வணிகம் சீர்குலைந்து, அதற்குப் பதிலாகக் குதிரை முடி பிரஷ்கள் ஏராளமாகப் புழக்கத்துக்கு வந்தன. சரியாகக் கிருமி நீக்காத அந்த முடியிலிருந்து அமெரிக்க, பிரிட்டிஷ் படைவீரர்களுக்கும் பொதுமக்களுக்கும் ஆந்த்ராக்ஸ் என்னும் கொடிய பாக்டீரியா நோய் தொற்றியது. பதிவானவை 200க்கும் மேல். இன்று விற்கும் முடி பிரஷுக்கு அந்த அச்சம் வேண்டாம். இணையத்தில் நூறாண்டுப் பழைய பிரஷை ஏலம் எடுத்து முகத்தில் தேய்க்க நினைப்பவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம்.

முதல் படி: எதை வாங்குவது

விற்பனைப் பக்கங்களில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று நாட்: இழைக் கற்றை கைப்பிடிக்குள் இறங்கும் இடத்தில் அதன் விட்டம். இன்னொன்று லாஃப்ட்: கைப்பிடிக்கு மேல் இழை நிற்கும் உயரம். தொடங்குபவர்களுக்கு 24 மில்லிமீட்டர் நாட், 50 முதல் 55 மில்லிமீட்டர் லாஃப்ட் என்பது எந்த முகத்துக்கும் பொருந்தும் அளவு. 28, 30 என்று போகிறவை பார்க்கக் கம்பீரமாக இருக்கும். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே நுழையாது, சோப்பையும் கூடுதலாகக் கேட்கும். மீசை வைத்திருப்பவர்கள் 22க்குக்கூட இறங்கலாம்.

உயரம் குறைந்தால் விறைப்பு கூடும். முகத்திலேயே நுரை கட்டுபவர்களுக்குக் குட்டையானது நல்லது, கிண்ணத்தில் கட்டுபவர்களுக்குச் சற்று உயரமானது. தலைப்பகுதி உருண்டையாக இருப்பதும் விசிறியாக விரிவதும் பெரும்பாலும் ரசனை சார்ந்தது.

உண்மையில் அனுபவத்தை மாற்றுவது இழையின் குணம்தான். அதை எந்த எண்ணும் சொல்லாது. பிரான்சில் 1808இல் தொடங்கிய பிளிசான் நிறுவனத்தின் செயற்கைப் பிரஷ் பேர் வாங்கிய பிறகு, அதைப் போன்ற மிருதுவான இழைக்கெல்லாம் பிளிசாஃப்ட் என்றே பெயர் நிலைத்துவிட்டது. டக்ஸீடோ என்ற பெயரில் வருவது வெள்ளை நுனியும் கறுப்பு உடலுமாக இருக்கும், இதுவும் மென்மையானது. ஜெர்மனியின் ஷ்டூட்சன்குருனில் 1945 முதல் பிரஷ் செய்துவரும் மியூலே, சில்வர்டிப் ஃபைபர் என்ற பெயரில் விற்கிறது. பன்றி முடியின் உரசலை விரும்புபவர்கள் பிளிசாஃப்டை வாங்கினால் ‘பஞ்சால் தடவுவது போல இருக்கிறது’ என்று அலுத்துக்கொள்வார்கள். அவர்கள் பன்றி முடியைப் போலச் செய்த விறைப்பான செயற்கை இழையைத் தேட வேண்டும். இத்தாலியின் ஒமேகாவில் அப்படிப்பட்டவை உண்டு.

விலையைப் பொறுத்தவரை என் கருத்து எளிமையானது: முதல் பிரஷுக்கு நிறையச் செலவழிக்காதீர்கள். செயற்கை இழையில் நடுத்தர விலைக்கும் உச்ச விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி கைப்பிடிக்குப் போகிறது. இந்தியாவில் கிடைக்கும் நடுத்தர விலைச் செயற்கைப் பிரஷே நுரை விஷயத்தில் குறைவைக்காது. கையில் எடுத்துப் பார்க்க வாய்ப்பிருந்தால் உலர்ந்த நுனியை உள்ளங்கையில் அழுத்திச் சுழற்றுங்கள். ஒரே ஒரு இழை குத்தினாலும் அது ஈரத்திலும் குத்தும். பன்றி முடி போல நாளாக நாளாக நுனி பிளந்து மென்மையாகும் என்று காத்திருப்பது வீண். செயற்கை இழை முதல் நாள் எப்படியோ அப்படியேதான் கடைசிவரை.

இரண்டாம் படி: முதல் நாள் கழுவல்

இளஞ்சூடான தண்ணீரில் துளி ஷாம்பு விட்டு நுரைத்துக் கழுவி, நன்றாக உதறி நிறுத்தினால் போதும். தொழிற்சாலைத் தூசும் பிசினின் மணமும் போய்விடும். இரண்டு மூன்று இழைகள் உதிரலாம். ஒரு வாரத்துக்குப் பிறகும் உதிர்ந்துகொண்டிருந்தால் ஒட்டியது சரியில்லை என்று பொருள், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மாறும் நாட்களில் சோப்பையும் கிரீமையும் சேர்த்து மாற்றாதீர்கள். எதனால் நுரை கெட்டது என்றே தெரியாமல் போகும். பழைய சோப்பு, பழைய ரேசர், பழைய பிளேடு, புதிய பிரஷ். கை பழகும்வரை இப்படியே போகட்டும்.

மூன்றாம் படி: நுரை கட்டுதல்

இந்தப் படியில் அவசரப்படக்கூடாது.

பிரஷைத் தண்ணீரில் முக்கி எடுங்கள். சில நொடி போதும். மேலே தூக்கி வடியவிட்டு, இழைகளைக் கையால் ஒரு முறை லேசாகப் பிழியுங்கள். பிறகு இரண்டு முறை உதறுங்கள். முடி பிரஷில் இவ்வளவு நீரை எடுத்துவிட்டால் நுரை வறண்டுபோகும் என்று மனம் தடுக்கும். தடுக்கட்டும். இங்கே தொடக்கம் ஏறக்குறைய காய்ந்த பிரஷ்தான். நுனியில் மட்டும் ஈரம் இருந்தால் போதும்.

கட்டிச் சோப்பு என்றால், முகம் கழுவும் நேரத்தில் சோப்பின் மேல் அரைக் கரண்டித் தண்ணீர் ஊற்றி வையுங்கள். பிரஷை வைக்கும் முன் அந்தத் தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள். நுனியைச் சோப்பின் மேல் வைத்து அழுத்தாமல் வட்டமாக 20 முதல் 30 நொடி சுழற்றுங்கள். முதலில் பெரிய குமிழிகள் எழும். அதைக் கண்டு நிறுத்தக்கூடாது. குமிழிகள் அடங்கி, பிரஷ் சுற்றும் தடம் சோப்பின் மேல் கோடாகப் பதிய வேண்டும். பிரஷைத் தூக்கினால் நுனியில் பசை போல ஒட்டிக்கொண்டு, இழைகள் சின்னச் சின்னக் கூம்புகளாகச் சேர்ந்து நிற்க வேண்டும். வழிந்தால் தண்ணீர் கூடிவிட்டது. அப்போது வழிந்ததைச் சிங்க்கில் தட்டிவிட்டு இன்னும் பத்து நொடி சுழற்றினால் சரியாகிவிடும்.

டியூப் கிரீம் என்றால் ஒரு கொண்டைக்கடலை அளவு எடுத்து, பிரஷின் நடுவில் வைக்காமல் கிண்ணத்திலோ கன்னத்திலோ தடவிக்கொள்ளுங்கள். நடுவில் வைத்தால் கிரீம் இழைகளின் ஆழத்துக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடும்.

அடுத்தது நீர் சேர்ப்பது. பிரஷின் நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு எடுத்து, பத்துப் பதினைந்து நொடி சுழற்றுங்கள். மறுபடியும் தொடுங்கள், சுழற்றுங்கள். மூன்று நான்கு முறைக்குள் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். முதலில் மங்கலான வெள்ளைப் பசை. பிறகு கண்ணுக்குத் தெரியும் குமிழிகளோடு பொங்கும் கட்டம். அதற்கும் பிறகுதான் குமிழிகள் மறைந்து மேற்பரப்பு பளபளக்கும். கெட்டித் தயிரைக் கடைந்தது போல மடிப்பு மடிப்பாக விழுந்தால் அதுவே பதம். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தால் வழுக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் இரண்டாம் கட்டத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள். பொங்கிய நுரை பார்க்கப் பெரிதாக இருக்கும், உள்ளே வழுக்கல் இருக்காது. பிளேடு இழுப்பதும் சவரத்துக்குப் பின் எரிவதும் பெரும்பாலும் அங்கிருந்துதான்.

நான்காம் படி: முகத்தில்

வட்டச் சுழற்சி தாடி முடியை நிமிர்த்தும், குறுக்கு வீச்சு நுரையைச் சமப்படுத்தும். முதலில் வட்டம், கடைசியில் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கும் கையசைவில் மேலும் கீழும் நான்கைந்து வீச்சு.

பிரஷைச் செங்குத்தாக அழுத்தித் தேய்ப்பதை விட்டுவிடுங்கள். செயற்கை இழைக்கு மீள்தன்மை அதிகம். அழுத்தம் விடுபட்டதும் சட்டென்று நிமிரும். கண்ணாடியில் தெறிக்கும் நுரை அப்படி வருவதுதான். இப்படி அழுத்துவது பழக்கமானால் நாளடைவில் கற்றையின் நடுவே குழி விழுந்து வளையம் போல விரிந்துவிடும். இழைகளின் மேல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் வளையும் அளவுக்கு அழுத்தம் போதும். விரல்களையும் கைப்பிடியின் அடியிலிருந்து சற்று மேலேற்றி, இழை தொடங்கும் இடத்தருகே பிடித்தால் துள்ளல் பாதியாகக் குறையும்.

சேஃப்டி ரேசரைப் பிடிக்கும் கோணம், முடி வளரும் திசையில் முதல் சுற்று, குறுக்கே இரண்டாம் சுற்று என்பதில் எந்த மாற்றமும் இல்லை. ஒன்றே ஒன்று: இரண்டாம் சுற்றுக்கு முன் பிரஷில் மிச்சமிருக்கும் நுரை சற்றுக் காய்ந்திருக்கும். நுனியைத் தண்ணீரில் ஒரு முறை தொட்டு, கிண்ணத்தில் நான்கு சுழற்று சுழற்றினால் உயிர் வந்துவிடும். முடி பிரஷில் இதைச் செய்யாமலே சமாளித்திருப்பீர்கள்.

உப்புத் தண்ணீர் ஊர்களுக்கு

போர்வெல் தண்ணீர் வரும் வீடுகளில் பிரஷ் எதுவானாலும் நுரை சண்டித்தனம் செய்யும். நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைத் திரையாகப் படிகின்றன; நுரைக்குப் போக வேண்டிய சோப்பு அதில் போய்விடுகிறது. செயற்கைப் பிரஷுக்குச் சோப்பு குறைவாகப் போதும் என்று எல்லோரும் சொல்வதை நம்பி இங்கே சிக்கனம் பிடித்தால் நுரை நிற்காது. உப்புத் தண்ணீரில் சோப்பின் மேல் சுழற்றும் நேரத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குங்கள்.

இன்னும் எளிய வழி, நுரைக்கு மட்டும் நல்ல தண்ணீர் எடுத்துக்கொள்வது. ஒரு டம்ளர் போதும். ஆர்.ஓ. இயந்திரத்தின் குடிநீர் சரி. அதன் கழிவுக் குழாயில் வரும் நீரில் உப்பு இன்னும் அடர்த்தி, அதைத் தொடாதீர்கள். ஆர்.ஓ. இல்லையென்றால் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிவது போக மேலே தெளிந்ததை எடுக்கலாம். நீரின் கடினத்தன்மையில் ஒரு பகுதி மட்டுமே இப்படி நீங்கும் என்றாலும் வித்தியாசம் தெரியும். முகம் கழுவுவதெல்லாம் குழாய்த் தண்ணீரிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: பராமரிப்பு

சவரம் முடிந்ததும் ஓடும் நீரில் கழுவி, இழைகளை விரல்களால் மெல்லப் பிரித்து அடியில் தங்கியிருக்கும் சோப்பை வெளியேற்றுங்கள். தெளிந்த நீர் வந்ததும் உதறி, துண்டில் முன்னும் பின்னும் தடவி, நிமிர்த்தி வையுங்கள். தலைகீழாகத் தொங்கவிடும் ஸ்டாண்டு இதற்கு அவசியமில்லை. இடம் மிச்சமாகட்டும் என்றால் மாட்டிக்கொள்ளலாம்.

செயற்கை இழையிலும் படிவு சேரும். அடிப்பகுதியில் வெள்ளையாகத் தெரிந்தாலோ, நுனிகள் ஒட்டிக்கொண்டு நின்றாலோ, ஒரு பங்கு வினிகருக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து சில நிமிடம் சுழற்றிக் கழுவுங்கள். எலுமிச்சைச் சாறும் இந்த வேலையைச் செய்யும், விதையும் சக்கையும் இழைக்குள் சிக்காமல் வடிகட்டிக்கொண்டால். மாதத்துக்கு ஒரு முறை போதும்; உப்புத் தண்ணீரில் பதினைந்து நாளுக்கு ஒன்று.

கொதிக்கும் நீரில் போடக்கூடாது. இழையைவிட, அதைக் கைப்பிடியோடு பிணைக்கும் எப்பாக்சிப் பிசினுக்குத்தான் ஆபத்து அதிகம். கை பொறுக்கும் சூடுதான் எல்லை. கிருமி நீக்க வேண்டுமென்று டெட்டாலில் ஊறவைப்பவர்களும் இருக்கிறார்கள். சோப்பு போட்டுக் கழுவி முழுதாக உலரவிட்டாலே வீட்டில் ஒருவர் மட்டும் பயன்படுத்தும் பிரஷுக்குப் போதும்.

பயணத்தில் இந்தப் பிரஷ் தன் மதிப்பைக் காட்டும். காலையில் சவரம் செய்து, துண்டில் இரண்டு முறை அழுத்தித் துடைத்து, காற்றுத் துளையுள்ள டப்பாவில் போட்டு ரயிலேறலாம். துளையில்லாத டப்பாவானால் இறங்கியதும் வெளியே எடுத்து வையுங்கள்.

எதை இழக்கிறோம்

சூடு. முடி பிரஷ் வெந்நீரைத் தனக்குள் வைத்திருந்து முகத்தில் நெடுநேரம் இளஞ்சூடு தரும். செயற்கை இழையில் அந்தச் சூடு சீக்கிரம் ஆறிவிடும். நுரைக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் உட்காரவைப்பது ஓரளவுக்கு ஈடுகட்டும். சென்னையின் மே மாதத்தில் இதைப் பற்றி யாரும் கவலைப்படப்போவதில்லை. ஊட்டியில் இருப்பவர் யோசிக்கலாம்.

நன்கு பழகிய பன்றி முடி பிரஷ் தோலைத் தேய்த்து விடும் சுகத்தையும் மென்மையான செயற்கை இழை தராது. அந்தச் சுகத்துக்காகவே சவரம் செய்பவர்கள் மாறாமலே இருக்கலாம் என்றுதான் சொல்வேன். கையிலுள்ள நல்ல முடி பிரஷைக் குப்பையில் போட்டுவிட்டுச் செயற்கைக்கு மாறுவதிலும் எனக்கு உடன்பாடில்லை. அது தேயட்டும், அடுத்ததைச் செயற்கையாக வாங்கிக்கொள்ளலாம். அதுவரை ஓய்வு கொடுப்பதானால் வினிகர் தண்ணீரில் கழுவி, இரண்டு மூன்று நாள் நிழலில் காயவைத்து, நாலைந்து கிராம்போடு காகிதத்தில் சுற்றி வையுங்கள். பூச்சி அரிப்பது விலங்கு முடியைத்தான்.

கைப்பிடியிலிருந்து கற்றை முழுதாகக் கழன்று வந்தால் பிரஷ் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். பழைய பிசினைச் சுரண்டி எடுத்து, உள்ளும் புறமும் காயவிட்டு, வன்பொருள் கடையில் கிடைக்கும் இரண்டு டியூப் எப்பாக்சியைக் குழைத்து ஒட்டுங்கள். ஒரு நாள் முழுக்க நிமிர்ந்த நிலையில் விட்டுவிட்டு, மறுநாள் பயன்படுத்தலாம்.